காருக்குக் கீழே ஈரம், போத்தலில் கூலன்ட் இல்லை: அறிகுறி பார்த்து ஒழுக்கைப் பிடிப்பது

இயந்திரத்தின் சூட்டைத் தணிக்கும் திரவம்தான் கூலன்ட், அது ஓடுவது மூடிய சுற்றில். பெற்றோல் மாதிரி அது எரிந்து தீர்வதில்லை. நல்ல நிலையில் உள்ள காரில் பொனற்றுக்குள் இருக்கும் கூலன்ட் போத்தலின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் மாதக்கணக்காக அப்படியே நிற்கும். ஆகவே இரண்டு மாதத்துக்குள் இரண்டாம் தடவையும் ஊற்ற வேண்டி வந்தால், அது எங்கேயோ போகிறது. எங்கே என்று தெரியாமல் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடுவதுதான் யாழ்ப்பாணத்தில் நல்ல இயந்திரங்கள் வீணாகப் பழுதாவதற்குப் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் நம் வீதிகளில் ஓடும் விற்ஸ், அக்குவா, வகன் ஆர், ஓல்டோ எல்லாவற்றிலும் பெரும்பாலானவை வயது போனவை. கூலன்டைக் குளிர வைக்கும் றேடியேற்றரின் பிளாஸ்டிக் தலையும் ரப்பர் குழாய்களும் வெடிக்கத் தொடங்கும் வயது அது. ஒயிலை நீங்களே மாற்றுபவராக இருந்தால் இந்த வேலை சுலபம், எப்படியும் காருக்குக் கீழே போகிறீர்கள். அந்த நேரத்திலேயே ரோச் அடித்துப் பார்த்துவிடலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒரு விதி மாறாது. இயந்திரம் சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியில் கை வைக்கக் கூடாது. சுற்றுக்குள் அழுத்தம் இருப்பதால்தான் 100 பாகைக்கு மேலும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த கணம் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பது முழுவதும் ஒரேயடியாகக் கொதித்து முகத்துக்கு வரும். நன்றாக ஆறவிட்டு, றேடியேற்றரின் மேல் குழாயை முதலில் விரல் நுனியால் தொட்டு, பிறகு நசுக்கிப் பாருங்கள். சூடும் விறைப்பும் போய், குழாய் மெத்தென்று அமுங்கினால்தான் திறக்கலாம்.

காலையில் தரையில் ஈரம்

முதலில் அது என்ன என்று பிரித்தறிய வேண்டும். செம்மண் முற்றத்திலும் மணலிலும் நிறம் தெரியாது. இரவு காரை விடும்போது இயந்திரத்துக்குக் கீழே பெரிய காட்போட் மட்டை ஒன்றை விரித்து, முன் ரயர் நிற்கும் இடத்தை அதில் கோடு போட்டு வையுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடமும் நிறமும் இரண்டும் கிடைக்கும்.

நிறமும் மணமும் இல்லாத தண்ணீர், அதுவும் ஏசி போட்டு ஓடி வந்து நிறுத்திய பிறகு மட்டும் சொட்டுகிறது என்றால் அது ஏசித் தண்ணீர். பழுது இல்லை. மாரிக்கு முன் வரும் புழுக்க நாட்களில் கொஞ்ச நேரத்திலேயே ஒரு சிரட்டை அளவு விழும், பயப்பட வேண்டாம்.

இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்தோடு, விரலில் தொட்டால் வழுவழுப்பாகவும் இனிப்பு மணமாகவும் இருந்தால் கூலன்ட். அதை நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், சிறு அளவே அவற்றைக் கொல்லப் போதும். சொட்டைக் கண்டவுடன் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள்.

மட்டையில் ஊறி, விளிம்பு பரவி, மண்ணிறமாகவோ கறுப்பாகவோ நின்றால் இயந்திர ஒயில். சிவப்பாகவும் மெல்லியதாகவும் இருந்தால் ஓட்டோ கியர் ஒயிலாக இருக்கலாம். சில்லுக்குப் பக்கத்தில், மஞ்சள் கலந்த தெளிவான திரவம் வழுக்கினால் பிரேக் ஒயில். அந்தக் காரை அசைக்கவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

தரை காய்ந்திருக்கிறது, போத்தல் மட்டும் குறைகிறது

ஆட்களை அலைய வைப்பது இதுதான். கசிவு சிறியதாக இருந்து, விழும் இடம் சூடாக இருந்தால் சொட்டு தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். ஆனால் தடயம் விட்டுத்தான் போகும். கூலன்டில் உள்ள உப்புகள் காய்ந்து வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ படிந்து நிற்கும். ஈரத்தைத் தேடுவதை விட்டு இந்தப் படிவைத் தேடுங்கள்.

விடியற்காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, நல்ல ரோச் ஒன்றோடு தொடங்குங்கள். றேடியேற்றரின் பிளாஸ்டிக் தலையும் அலுமினியமும் சந்திக்கும் மடிப்பு நெடுகவும் பாருங்கள். அங்கே வெள்ளைக் கோடு கீழ் நோக்கி இறங்கியிருந்தால், இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். பிளாஸ்டிக் தலை மண்ணிறமாக மங்கி, நகத்தால் சுரண்டத் தூளாக வந்தால், இன்று ஒழுகாவிட்டாலும் கொழும்புப் பயணத்துக்கு முன் றேடியேற்றரை மாற்றுவது புத்தி. அடுத்து ஒவ்வொரு குழாய் முனையும். கிளிப்புக்குப் பின்னால் ரப்பர் வீங்கியிருக்கிறதா, நசுக்கும்போது உள்ளே நறநறவென்று வெடிப்புக் கேட்கிறதா என்று பாருங்கள்.

பெல்ட்டில் ஓடும் வோட்டர் பம்ப் உள்ள காரில், பம்பின் உடலில் வேண்டுமென்றே விட்ட சிறு துளை ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் பெயரிங்குக்குள் போகாமல் வெளியே வரத்தான் அந்தத் துளை. அதிலிருந்து இறங்கிய காய்ந்த கோடு ஒன்றைக் கண்டால் பம்பின் காலம் முடிந்தது. துளையை அடைப்பது தீர்வல்ல. சீல் போட்டு அடைத்தால் பெயரிங் துருப்பிடித்து, பம்ப் இறுகி, பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போகும். அக்குவாவில் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, பெல்ட் கிடையாது. அதில் பம்ப் நின்றுவிட்டால் ஒழுக்கு இல்லாமலேயே சூடேறும். இன்னொன்று, அக்குவாவிலும் பிறியஸிலும் இரண்டு போத்தல்கள். ஒன்று இயந்திரத்துக்கு, மற்றது பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வேற்றருக்கு. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று மூடாதீர்கள்.

கண்ணுக்கு ஒன்றும் படவில்லையா? மூடியைச் சந்தேகியுங்கள். இயந்திரம் குளிர்ந்த பிறகு கழற்றி, ரப்பர் வளையத்தை விரலால் தடவுங்கள். கல்லாக இறுகியிருந்தாலும் வெடித்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பழைய மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும், சிலவற்றில் 88, 108 என்றிருக்கும். அதே எண்ணுள்ள மூடியையே வாங்குங்கள். பலமானது நல்லது என்று நினைத்துக் கூடிய எண் போட்டால் அடுத்த பலவீனமான இடம் வெடிக்கும். மூடிக்குள் இரண்டு வால்வுகள் வேலை செய்கின்றன. ஒன்று சூட்டில் மிஞ்சியதைப் போத்தலுக்கு விடுகிறது, மற்றது குளிரும்போது அதைத் திரும்ப உறிஞ்ச விடுகிறது. போத்தல் வழிய வழிய நிரம்பியிருக்க, றேடியேற்றர் குறைந்து கிடந்தால், உறிஞ்சல் நடக்கவில்லை என்று அர்த்தம். காலையில் மேல் குழாய் சப்பையாக ஒட்டிக் கிடப்பதும் அதே கதைதான்.

அடுத்தது காருக்கு உள்ளே. வெயில் ஊரில் ஹீற்றரை யாரும் தொடுவதில்லை, ஆனால் ஜப்பான் கார்களில் டாஷ்போட்டுக்குப் பின்னால் ஹீற்றருக்கான சிறு றேடியேற்றர் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. அது ஒழுகினால் முன் இருக்கைக் கால் மிதிக்குக் கீழே கம்பளம் பிசுபிசுக்கும், கண்ணாடியில் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம் வரும், உள்ளே இனிப்பு மணம் வரும்.

இவ்வளவு பார்த்தும் கிடைக்காவிட்டால் அழுத்தச் சோதனைதான். மூடியின் இடத்தில் மானி பொருத்திய கைப் பம்பைப் பூட்டி, மூடியில் எழுதிய அளவு வரைக்கும் மட்டும் ஏற்றிவிட்டு கால் மணி நேரம் விட வேண்டும். முள் இறங்கினால் கசிவு உறுதி. இயந்திரம் ஓடாமல், சூடில்லாமல், விசிறி சுற்றாமல் காதை வைத்துக்கூடத் தேடலாம் என்பதுதான் இதன் அருமை. இந்தக் கருவி உள்ள கராச்சுக்கே போங்கள், பார்வையால் மட்டும் பதில் சொல்பவருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

முள் இறங்குகிறது, ஆனால் வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் அது இயந்திரத்துக்குள் போகிறது. ஹெட் கஸ்கட்டை (இயந்திரத்தின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழ் உடலுக்கும் இடையில் உள்ள தட்டையான அடைப்பை) நினைக்க வேண்டிய இடம் இதுதான். குளிர்ந்த இயந்திரத்தை மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் வரும் ஓரிரு குமிழிகள் பிரச்சினை இல்லை. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எரிந்த புகை கூலன்டுக்குள் நுழைகிறது. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள்ளேயே, இன்னும் சூடேறாத மேல் குழாய் கல்லாக விறைப்பதும், சூடான பிறகும் வெள்ளைப் புகை இனிப்பு மணத்தோடு வருவதும் அதே பக்கம்தான் கை காட்டுகின்றன. புகை கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறும் சோதனைத் திரவம் ஒன்று உண்டு, கராச்சில் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெட் கழற்றுவது பெரிய செலவு, ஊகத்தில் கழற்ற விடாதீர்கள்.

போத்தலில் ஊற்றினால் ஒழுக்கு அடைபடும் என்று விற்கும் தூள்களையும் திரவங்களையும் நான் பரிந்துரைப்பதில்லை. ஓட்டையையும் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் பிரித்தறிய அவற்றுக்குத் தெரியாது.

வெப்பம் ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதுதான் கேள்வி. கஸ்தூரியார் வீதி நெரிசலில் ஏறி, வெளி வீதிக்கு வந்து ஓடத் தொடங்கியதும் இறங்கினால் விசிறியைப் பாருங்கள். ஏசியைப் போட்டதும் பெரும்பாலான கார்களில் விசிறி சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பியூஸ், றிலே, மோட்டர் என்ற வரிசையில் போகலாம். மாறாக ஊருக்குள் சரியாக இருந்து, ஆனையிறவு வெளியில் வேகம் எடுத்து ஓடும்போது ஏறினால் கூலன்ட் குறைவு, அல்லது றேடியேற்றர் அடைப்பு, அல்லது சூட்டைப் பொறுத்துக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தேர்மோஸ்ரற் முழுதாகத் திறக்கவில்லை.

விற்ஸ், அக்குவா, வகன் ஆர் போன்றவற்றில் முள் இல்லை, விளக்குத்தான். பலவற்றில் குளிரில் நீலம், கூடிய சூட்டில் சிவப்பு. நீல விளக்கு அணைய வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தால் தேர்மோஸ்ரற் திறந்தபடி சிக்கியிருக்கலாம். சிவப்பு வந்துவிட்டால் காலம் தாழ்த்தக் கூடாது. ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, ஓரம் கட்டி, அணையுங்கள். அந்த ஹீற்றரில் குளிர்ந்த காற்று வந்தால் அதுவே ஒரு செய்தி: இயந்திரம் கொதிக்கிறது, ஆனால் சுற்றில் தண்ணீர் இல்லை, அல்லது காற்று அடைத்திருக்கிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள். வெப்பம் அளக்கும் சென்சர் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். கூலன்ட் முழுவதும் போய்விட்டால் அது வெறும் காற்றை அளந்து, எல்லாம் நலம் என்று காட்டக்கூடும். விளக்கு வரவில்லையே என்று ஓடி ஹெட் வளைந்த கார்கள் இப்படித்தான் உண்டாகின்றன. ஏ9 வீதியால் கொழும்புக்குப் போகிறவர்கள் எப்படியும் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிடுகிறோம். அந்த நேரத்தில் பொனற்றைத் தூக்கிப் போத்தலையும் காருக்குக் கீழேயும் ஒரு தரம் பார்த்துவிட்டு ஏறுங்கள். கொதித்த இயந்திரத்தின் மீது பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அலுமினிய ஹெட் அந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கக்கூடும்.

ஒயில் மாற்றிய பிறகு ஒழுகுகிறது

மாற்றிய ஓரிரு நாட்களில் சொட்டினால் பெரும்பாலும் காரணம் வேலையில்தான் இருக்கும். முதலில் கீழ்ப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பில்ரர் கழற்றும்போது வழிந்த ஒயில் அதில் தேங்கி நாட்கணக்காகச் சொட்டும், அது கசிவே அல்ல. துடைத்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள்.

திரும்பவும் சொட்டினால் பில்ரர். பழைய பில்ரரின் ரப்பர் வளையம் சில வேளை இயந்திரத்தோடு ஒட்டி நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதைப் பூட்டினால் இரண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும். இது மெல்லச் சொட்டும் வகையல்ல, அழுத்தம் ஏறியதும் ஒயில் பீய்ச்சி அடித்து நிமிடத்தில் சம்ப் (இயந்திரத்தின் அடியில் ஒயில் நிற்கும் தட்டு) காலியாகும். ஆகவே பழையதைக் கழற்றியதும் அதன் வாயில் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். புதிய வளையத்தில் விரலால் ஒயில் பூசி, தொட்டதிலிருந்து முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதும். ஸ்பனர் வேண்டாம்.

அடுத்தது சம்ப் பிளக், ஒயில் வடிக்கக் கழற்றும் அடித் திருகு. அதன் வாஷரை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். ஸ்ரான்லி வீதி உதிரிப்பாகக் கடையில் பில்ரர் வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடலாம். ஒழுகுகிறது என்று பிளக்கை இன்னும் இன்னும் முறுக்குவதால்தான் அலுமினிய சம்பின் புரி அழிகிறது. விற்ஸ் போன்ற ரொயோட்டாக்களுக்கு 38 நியூட்டன் மீற்றர் அளவு இறுக்கம் போதும். அது ஒரு கையால், சாதாரண நீள ஸ்பனரால், உடம்பைச் சாய்க்காமல் இறுக்கும் அளவுதான்.

பிளக்கும் பில்ரரும் காய்ந்திருக்க சம்ப் மட்டும் நனைந்திருந்தால் மேலே பாருங்கள். வால்வ் மூடியின் கஸ்கட்டில் இருந்து வடியும் ஒயில் இயந்திரத்தின் பக்கத்தால் இறங்கி, பிளக்கில் வந்துதான் சொட்டும். ஒயில் கசிவை எப்போதும் மேலிருந்து கீழாகத் தேட வேண்டும்.

மாற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடம் ஓட விட்டு, அணைத்து, வெதுவெதுப்பில் வடிய விடுங்கள். அக்குவா போன்ற ஹைபிரிட் என்றால் முழுவதும் அணைத்து, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள், றெடி விளக்கு எரிய நிற்கும் காரில் இயந்திரம் தானாக ஸ்டார்ட் ஆகும். காரோடு வரும் கத்தரி ஜாக் ரயர் மாற்ற மட்டுமே, அதன் மேல் நிற்கும் காருக்குக் கீழே தலையை விடக் கூடாது. வலிகாமத்துச் செம்மண்ணிலும் வடமராட்சி மணலிலும் ஜாக் புதையும், கீழே தடித்த பலகை போடுங்கள், காரை இரும்பு ஸ்டாண்டில் இறக்குங்கள். வளவில் கிடக்கும் சீமெந்துக் கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். சீமெந்துக் கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

660 சிசி கார்களுக்கு 3 லீற்றருக்குள் முடிந்துவிடும், விற்ஸின் 1500 சிசி இயந்திரத்துக்குப் பில்ரரோடு 3.7 லீற்றர் அளவு. கையேட்டில் சொன்னதைவிட அரை லீற்றர் குறைத்து ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஒயில் விளக்கு சில விநாடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் ஐந்து நிமிடம் கழித்து ஒயில் மட்டம் காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்றலாம்.

கழிவொயிலை வேலி ஓரத்தில் ஊற்ற வேண்டாம் என்று கெஞ்சியே கேட்கிறேன். நமக்குக் கீழே இருப்பது ஓட்டைகள் நிறைந்த சுண்ணாம்புக் கல், அதற்குள் நிற்பது குடிதண்ணீர். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்லும் வரைக்கும் அந்த மக்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். கானில் அடைத்து, கழிவொயில் சேர்க்கும் கராச்சில் கொடுங்கள்.

டிப் ஸ்டிக்கில் ஒயில் கூடியிருக்கிறது

ஊற்றாமல் ஒயில் தானாகக் கூடுவதில்லை. கூடினால் வேறொன்று கலக்கிறது. மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ40 கார்களை ஓட்டிய போர்க்காலப் பொருளாதாரத் தடையைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. எரியாத மண்ணெண்ணெய் சம்புக்குள் இறங்கி ஒயிலை நீர்த்துப் போகச் செய்யும், டிப் ஸ்டிக்கை முகர்ந்தாலே பிடிபடும். இன்றும் அப்படித்தான் முகர வேண்டும். பெற்றோல் மணந்தால் ஒயிலை மாற்றிவிட்டு எரிபொருள் பக்கம் தேடுங்கள்.

பால் தேநீர் நிறத்தில் குழைந்து நின்றால் கூலன்ட். ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் மெல்லிய வெண்படலம், டிப் ஸ்டிக் சுத்தம் என்றால், அது சின்னச் சின்ன ஓட்டத்தில் சேரும் ஈரமாக இருக்கலாம். நீண்ட தூரம் ஓடினால் மறையும். டிப் ஸ்டிக்கிலேயே அந்த நிறம் என்றால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம், கட்டி இழுத்துப் போங்கள். கூலன்ட் கலந்த ஒயில் பெயரிங்குகளைத் தின்றுவிடும்.

திருத்திய பிறகு நிரப்புவது

யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு வன்மையானது என்று கேத்திலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தால் தெரியும். அதே படிவு றேடியேற்றருக்குள்ளும் வளர்கிறது. கடலோரத்திலும் தீவுகளிலும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். கலந்து விற்கும் கூலன்டே ஊற்றுங்கள். செறிவானது என்றால் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி. அதே கடையில் பற்றரி அசிட்டும் இருக்கும், போத்தலைப் பார்த்து வாங்குங்கள். நிறம் ஒன்று என்பதற்காகக் கலக்காதீர்கள், நிறம் தரத்தைச் சொல்வதில்லை, கையேட்டில் எழுதிய வகைதான் சொல்லும். வழியில் வேறு வழியே இல்லாமல் குழாய்த் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் வடித்துக் கழுவி மாற்றிவிடுங்கள்.

மெதுவாக ஊற்றுங்கள். ஹீற்றரைச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்து, குமிழிகள் வெளியேற வெளியேற நிரப்பி, விசிறி இரண்டு தரம் சுற்றி நிற்கும் வரை விட்டு மூடுங்கள். காற்று போக்கும் திருகு உள்ள கார்களில் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை விட வேண்டும். அக்குவா போன்ற மின் பம்ப் உள்ளவற்றில் கையேட்டில் சொன்ன முறைப்படியே செய்யுங்கள்.

அடுத்த நாள் காலை, குளிர்ந்த நிலையில், போத்தலைப் பாருங்கள். மிச்சமிருந்த காற்று வெளியேறியதால் கொஞ்சம் இறங்கியிருப்பது வழக்கம், கோட்டுக்கு நிரப்பி, போத்தலில் மார்க்கரால் அடையாளம் போட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்து மட்டம் அந்த அடையாளத்துக்குக் கீழே போயிருந்தால் இன்னொரு கசிவும் இருக்கிறது, மூடியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.